பதினெட்டுச் சீட்டு மாறியதும் மாறாததும்: ஜப்பானியக் கல்லூரி மாணவர்களின் உள்நாட்டுப் பயணக் கணக்கு

2024 அக்டோபரில் ஜப்பானின் ஜே.ஆர். ரயில் நிறுவனங்கள் பதினெட்டுச் சீட்டு என்ற சலுகைச் சீட்டின் விதிகளை மாற்றுவதாக அறிவித்தன. ஐந்து நாள் சீட்டின் விலையில் ஒரு யென்கூட ஏறவில்லை. ஆனாலும் இணையம் முழுக்கக் கூச்சல். "மாணவர் பயணமே போச்சு" என்று ஒரு சாரார் புலம்ப, "யாருக்கும் வயது வரம்பே இல்லாத சீட்டுக்கு மாணவர் பெயரைச் சொல்லி ஏன் அழுகிறீர்கள்" என்று இன்னொரு சாரார் கேட்டார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஜப்பானிய மாணவர்கள் விடுமுறைக்கு எங்கே போகிறார்கள் என்று கேட்டால் கியோட்டோ, ஒக்கினாவா, ஹொக்கைடோ, டிஸ்னி என்று பட்டியல் நீளும். பட்டியலைப் பார்த்து எதுவும் புரியாது. அந்த ஊர்களுக்கு ஏன், எந்த மாதத்தில், எந்த வயதில் போகிறார்கள் என்பதைச் சீட்டு விதிகளும் கல்வி நாட்காட்டியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ரசனைக்கு அதற்கப்புறம்தான் இடம்.

## பதினெட்டுச் சீட்டு என்றால் என்ன?

அதன் பெயர் செய்ஷுன் 18 கிப்பு. செய்ஷுன் என்றால் இளமைப் பருவம், கிப்பு என்றால் பயணச்சீட்டு. 1982-இல், ரயில்வே இன்னும் அரசின் கையில் இருந்தபோது, சற்று வேறு பெயரில் தொடங்கி, அடுத்த ஆண்டு இந்தப் பெயர் நிலைத்தது. 18 என்பது இளமைக்கான அடையாளம் மட்டுமே; எழுபது வயதுக்காரரும் வாங்கலாம், வாங்கவும் செய்கிறார்கள்.

இந்தச் சீட்டை வைத்திருப்பவர் நாடு முழுவதும் ஜே.ஆர். தடங்களில் சாதாரண ரயிலிலும், கூடுதல் கட்டணம் இல்லாத துரித ரயிலிலும், முன்பதிவில்லாப் பெட்டியில் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். புல்லட் ரயிலான ஷின்கான்செனுக்கும் விரைவு வண்டிகளுக்கும் செல்லாது. விரைவு வண்டிக்கான உபரிக் கட்டணத்தை மட்டும் கட்டி ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தத் தூரத்துக்கு அடிப்படைக் கட்டணம், விரைவுக் கட்டணம் இரண்டையும் புதிதாகக் கட்ட வேண்டும். பதினெட்டுச் சீட்டு பையில் இருப்பதும் இல்லாததும் அப்போது ஒன்றே.

ஆண்டில் மூன்று பருவங்களில் மட்டும் செல்லும்; வழக்கமான தேதிகள்:

1. வசந்தம்: மார்ச் 1 முதல் ஏப்ரல் 10 வரை
2. கோடை: ஜூலை 20 முதல் செப்டம்பர் 10 வரை
3. குளிர்காலம்: டிசம்பர் 10 முதல் ஜனவரி 10 வரை

## 2024 குளிர்காலத்தில் என்ன மாறியது?

பழைய சீட்டு 12,050 யென். அதில் ஐந்து கட்டங்கள். ஒரு கட்டம் என்பது ஓர் ஆளுக்கு ஒரு நாள். நிலைய ஊழியர் முத்திரை குத்துவார். பருவத்துக்குள் விரும்பிய ஐந்து நாட்களில் ஒருவரே பயன்படுத்தலாம், அல்லது ஐந்து நண்பர்கள் ஒரே நாளில் ஒரே சீட்டில் போகலாம். தலைக்கு 2,410 யென் விழும்.

புதிய விதிகள்:

1. ஐந்து நாள் சீட்டு 12,050 யென், புதிதாக வந்த மூன்று நாள் சீட்டு 10,000 யென்.
2. நாட்கள் அடுத்தடுத்து வர வேண்டும். இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் அந்த நாள் கழிந்துவிடும்.
3. ஒரு சீட்டு ஓர் ஆளுக்கு மட்டும். பகிர முடியாது.
4. தானியங்கி வாயிலில் செருகினால் திறக்கும். முத்திரைக்காக ஊழியர் முன் வரிசையில் நிற்க வேண்டாம்.

நாலாவது விதிதான் மற்ற மூன்றுக்கும் மூலம். வாயில் இயந்திரத்துக்கு இந்தச் சீட்டில் இன்று எத்தனை பேர் வந்தார்கள், இது எத்தனையாவது முத்திரை என்று எண்ணத் தெரியாது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, ஓர் ஆள் என்றால் அதற்குப் புரியும். நிலையங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வரும் காலத்தில், சீட்டைக் கண்ணால் பார்க்கும் ஊழியர் என்பது செலவு. இயந்திரத்துக்கு ஏற்றபடி சீட்டை வெட்டினார்கள். மாணவர்களைக் குறிவைத்து எதுவும் நடக்கவில்லை.

ஆனால் அடி விழுந்த இடம் மாணவர் பயணம்தான். டோக்கியோவில் படிக்கும் இரண்டு நண்பர்கள் ஒசாகா போய், சில நாள் தங்கித் திரும்புகிறார்கள் என்று வையுங்கள். பழைய முறையில் போக இரண்டு கட்டம், வர இரண்டு கட்டம், மொத்தம் 9,640 யென். தலைக்கு 4,820. மிச்சக் கட்டம் ஒன்றை வைத்து ஒருவர் இன்னொரு நாள் எங்காவது போய்வரலாம், இல்லையென்றால் சில்லறை டிக்கெட் கடையில் விற்றுவிடலாம். புதிய முறையில் ஆளுக்கு ஒரு மூன்று நாள் சீட்டு, தலைக்கு 10,000. மூன்று நாளில் முதல் நாளும் கடைசி நாளும் ரயிலிலேயே போய்விடும். ஒசாகாவில் கிடைப்பது நடுவில் ஒரு பகல்.

இதே தூரத்துக்குச் சாதாரண அடிப்படைக் கட்டணம் ஒரு வழிக்கு 8,910 யென். அதோடு ஒப்பிட்டால் புதிய சீட்டும் மலிவுதான். ஆனால் மாணவர் ஒப்பிடுவது அதோடு அல்ல, இரவுப் பேருந்தோடு. கூட்டமில்லாத வார நாளில் டோக்கியோ–ஒசாகா இரவுப் பேருந்து ஒரு வழிக்கு நாலாயிரம் யென்னை ஒட்டிக் கிடைக்கும். தூங்கிக்கொண்டே போகலாம், ஒரு நாள் விடுதிச் செலவும் மிச்சம். ஆக ஓர் ஊருக்குப் போய்த் தங்கித் திரும்பும் பயணத்துக்குப் பதினெட்டுச் சீட்டு இனி பொருந்தாது. தினமும் ஊர் மாறிக்கொண்டே போகும் பயணத்துக்கு மட்டும் அது இன்னும் வெல்ல முடியாத விலை: நாகோயா, கியோட்டோ, ஹிமேஜி, ஹிரோஷிமா என்று ஐந்து நாள் இறங்கி ஏறிப் போகிறவருக்கு நாளுக்கு அதே 2,410 யென்தான். ஹிரோஷிமா அருகே மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகிலும் இந்தச் சீட்டு செல்லும். 2023 அக்டோபரிலிருந்து தீவுக்கு வருவோர் கட்டும் 100 யென் வரி மட்டும் தனி.

## டோக்கியோவிலிருந்து மேற்கே: எங்கே சிக்கல் வரும்?

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே நோசோமி வகை ஷின்கான்சென் இரண்டரை மணி நேரத்தில் கடக்கும் தூரத்தைச் சாதாரண ரயிலில் கடக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூரம் 556 கிலோமீட்டர். வழியெல்லாம் ஒரே மாதிரி இருக்காது.

டோக்கியோவிலிருந்து அத்தாமி வரை 105 கிலோமீட்டர், நீளமான வண்டிகள், சிரமம் இல்லை. அத்தாமியில் ஒரு ஜே.ஆர். நிறுவனத்தின் எல்லை முடிந்து இன்னொன்றின் எல்லை தொடங்குகிறது. அங்கிருந்து தோயோஹாஷி வரை சுமார் 190 கிலோமீட்டர் ஷிசுவோகா மாகாணத்தின் குறுக்கே போக வேண்டும். பகலில் துரித ரயில் கிடையாது. வண்டிகள் குட்டையானவை, இருக்கைகள் நம்மூர் மெட்ரோ போல் சுவரோரம் நீண்டவை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார முடியாமல், எதிரில் நிற்பவர்களின் பைகளைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். இதை 'ஷிசுவோகா நரகம்' என்று பதினெட்டுச் சீட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஃபூஜி மலை தெரியும் பக்கம் உட்கார இடம் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

தோயோஹாஷியிலிருந்து ஓகாக்கி வரை துரித ரயில் பறக்கும். அடுத்த முடிச்சு ஓகாக்கியிலிருந்து மைபாரா வரையிலான 36 கிலோமீட்டர். இரு பக்கத்திலும் நீளமான துரித வண்டிகள் ஓட, இந்த இடைவெளியில் மட்டும் குறைந்த பெட்டிகளோடு அரிதாக ஓடும் வண்டிகள். நீளமான வண்டியில் வந்த கூட்டம் அத்தனையும் குட்டை வண்டிக்குள் இடம் பிடிக்க நடைமேடையில் ஓடும். 'ஓகாக்கி ஓட்டம்' என்றே அதற்குப் பெயர். மாடிப்படிக்கு அருகில் நிற்கும் பெட்டி எது என்று முன்கூட்டியே பார்த்து அதில் ஏறியிருப்பது பழகியவர்களின் உத்தி. குளிர்காலத்தில் இந்தத் துண்டில் செக்கிகஹாராவைச் சுற்றிப் பனி கொட்டும்; வண்டி தாமதமானால் கடைசி இணைப்பு போய்விடும். தாமதத்துக்கோ ரத்துக்கோ இந்தச் சீட்டில் பணம் திரும்பாது. ஆகவே கடைசி வண்டியை நம்பித் திட்டம் போடாமல், அதற்கு முந்தைய வண்டியில் போய்ச் சேரும்படி போடுவதே சரி.

ஒரு காலத்தில் இந்த அவஸ்தைக்கு மாற்று இருந்தது. டோக்கியோவுக்கும் ஓகாக்கிக்கும் இடையே 'மூன்லைட் நாகரா' என்ற இரவுத் துரித ரயில் விடுமுறைக் காலங்களில் ஓடியது. பதினெட்டுச் சீட்டோடு இருக்கை முன்பதிவுக்குச் சிறு தொகை கட்டினால் போதும். 2020 வசந்தத்துக்குப் பிறகு அது ஓடவில்லை. 2021 ஜனவரியில் நிறுத்தம் அதிகாரபூர்வமானது. மாணவர் ரயில் பயணத்தின் முதுகெலும்பு உண்மையில் அப்போதே முறிந்துவிட்டது. 2024 மாற்றம் அதன் மேல் விழுந்த இரண்டாம் அடி.

இன்னொரு சிக்கல் வரைபடத்தில் தெரியாது. புதிய ஷின்கான்சென் தடம் திறக்கும்போது, அதற்கு இணையாக ஓடும் பழைய தடத்தை ஜே.ஆர். உள்ளூர் அரசு சார்ந்த நிறுவனங்களிடம் கைமாற்றிவிடுவது வழக்கம். கைமாறிய தடத்தில் பதினெட்டுச் சீட்டு செல்லாது; கடந்துபோக மட்டும் அனுமதி உள்ள சில விலக்குத் துண்டுகள் தவிர. 2015 மார்ச்சில் ஷின்கான்சென் கனசாவாவுக்கு வந்தது, 2024 மார்ச்சில் த்சுருகாவுக்கு நீண்டது. பணமுள்ளவர்களுக்குக் கனசாவா டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியது. பதினெட்டுச் சீட்டுக்காரருக்கோ அது கிட்டத்தட்ட ஒரு தீவாகிவிட்டது: டோக்கியோ பக்கமிருந்து வந்தாலும் ஒசாகா பக்கமிருந்து வந்தாலும் தனிச் சீட்டு வாங்காமல் நகருக்குள் கால் வைக்க முடியாது.

## நாட்காட்டியின் ஆட்சி

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பல்கலைக்கழகத்தில் ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் தொடக்கம்வரை தேர்வு. பிறகு செப்டம்பர் கடைசிவரை விடுமுறை. இரண்டாம் பருவத் தேர்வு பிப்ரவரி தொடக்கத்தில் முடிய, மார்ச் இறுதிவரை மீண்டும் விடுமுறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தனை நீண்ட விடுமுறை கிடையாது. எனவே பிப்ரவரி வார நாட்களும் செப்டம்பரின் இரண்டாம் பாதியும் மாணவர்களுக்கே உரிய மலிவுக் காலம்.

இதைப் பதினெட்டுச் சீட்டின் பருவங்களோடு ஒட்டிப் பாருங்கள். பிப்ரவரியில் சீட்டு இல்லை. செப்டம்பர் 10-க்குப் பிறகும் இல்லை. அதாவது மாணவர்களுக்கு மிகவும் வசதியான நாட்களில் இளமைப் பெயர் தாங்கிய சீட்டு செல்லாது! பிப்ரவரி பனிச்சறுக்குக்கும் ஓட்டுநர் பயிற்சிக்கும் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாவெண்டரும் இப்படித்தான். ஹொக்கைடோவின் ஃபுரானோவில் ஊதா வயல்கள் உச்சத்தில் இருப்பது ஜூலை நடுவில். மாணவர் தேர்வு முடித்து வரும்போது அறுவடை நடந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டில் நாட்காட்டி இன்னும் இறுகும். வேலை தேடும் படலத்துக்கு ஷூகாட்சு என்று பெயர். அரசு வகுத்த கால அட்டவணைப்படி நிறுவனங்கள் மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் மார்ச் 1 அன்று விளம்பரத்தைத் தொடங்கலாம்; நான்காம் ஆண்டில் ஜூன் 1 முதல் தேர்வு, அக்டோபர் 1 முதல் முறையான வேலை உறுதி. நடைமுறையில் எல்லாம் இதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது வேறு கதை. வசந்தகாலச் சீட்டு செல்லத் தொடங்கும் அதே மார்ச் 1-இல் மூன்றாமாண்டுக்காரர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

வேலை உறுதியாகி, ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டால் நான்காமாண்டு பிப்ரவரி, மார்ச் முழுக்கச் சுதந்திரம். ஏப்ரல் 1 அன்று அலுவலகம். இந்த இடைவெளியில் நடப்பதுதான் சோட்சுக்யோ ரியோகோ, பட்டம் பெறும் பயணம். இதற்கு மேல் பல ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக ஒரு வாரம் லீவு கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வழக்கமாக நாலாயிரம் யென்னுக்குக் கணக்குப் பார்க்கும் கைகள் இங்கே தாராளமாகும். முன்பு இது ஐரோப்பா, ஹவாய் என்று போனது. யென் மதிப்பு சரிந்த பிறகு அந்தப் பணத்தில் உள்நாட்டிலேயே நல்ல விடுதியில் தங்குவது என்று பலர் திரும்பியிருக்கிறார்கள்.

## ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போவதே ஒரு சுற்றுலா

வெளியாட்களுக்கு விளங்காத வகை இது. பெயர் கஷ்ஷுகு மென்க்யோ. தங்கிப் படித்து உரிமம் எடுப்பது. டோக்கியோவில் வீட்டிலிருந்து போய்வந்து பயின்றால் முன்பதிவு கிடைக்காமல் மாதக்கணக்கில் இழுக்கும். யமகத்தா, நீகத்தா, தோச்சிகி, ஷிமானே போன்ற மாகாணங்களின் சிற்றூர்ப் பள்ளிகளில் தங்கினால் தானியங்கி கியருக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். விடுதி, சாப்பாடு, பல இடங்களில் போக்குவரத்தும் சேர்த்து ஒரே கட்டணம்; பெரும்பாலும் இரண்டு லட்சம் முதல் மூன்று லட்சம் யென். பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் உச்ச விலை.

நண்பர்கள் குழுவாகச் சேர்வார்கள். பகலில் வண்டி, மாலையில் வெந்நீர் ஊற்றுக் குளியல், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர். இதில் கவனிக்க வேண்டியவை:

1. பயிற்சியின் நடுவில் வரும் தேர்வில் தவறினால் நாட்கள் நீளும். நீளும் நாட்களின் தங்கும் செலவு கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே பார்க்க வேண்டும். நண்பர்கள் போன பிறகு தனியாக இருப்பதுதான் பெரிய தண்டனை.
2. பள்ளியில் தேறினால் ஓட்டும் தேர்வுக்கு மட்டும் விலக்கு. எழுத்துத் தேர்வைத் தன் முகவரி இருக்கும் மாகாணத்தின் உரிம மையத்தில் போய் எழுத வேண்டும். அதுவரை கையில் உரிமம் இல்லை. அடுத்த வாரமே வாடகைக் கார் பதிவுசெய்வது வம்பு.
3. உரிமம் பெற்ற முதல் ஆண்டு மஞ்சளும் பச்சையும் கலந்த புதியவர் அடையாளத்தை வண்டியின் முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். வாடகைக் காருக்கும் அதே சட்டம்தான்.

இந்த உரிமம் கைக்கு வந்த பிறகுதான் ஒக்கினாவாவும் ஹொக்கைடோவும் பட்டியலில் மேலே ஏறுகின்றன. இரண்டிலும் கார் இல்லாமல் பாதிதான் பார்க்க முடியும்.

## அப்படியானால் எங்கே போகிறார்கள்?

பனி. முதலாம், இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு ஒரு விசேஷம்: 19 வயதுக்காரருக்குப் பனிச்சறுக்குத் தலங்களில் லிஃப்ட் கட்டணம் இலவசம் என்ற ஒரு திட்டம் 2011-இல் தொடங்கியது. தொண்ணூறுகளின் உச்சத்துக்குப் பிறகு சறுக்குவோர் கூட்டம் கரைந்துகொண்டே போனதால், பழகும் வயதில் இலவசமாக ஏற்றிவிட்டால் பிறகு காசு கொடுத்து வருவார்கள் என்ற கணக்கு. டோக்கியோவாசிகளுக்கு மிக அருகில் நீகத்தாவின் யுஸாவா. அங்கே காலா யுஸாவா ஷின்கான்சென் நிலையத்திலிருந்து வெளியே நடக்காமலே சறுக்குத் தலத்துக்குள் போய்விடலாம், டோக்கியோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி. மலிவாகப் போக நினைப்பவர் நாகானோவுக்கு இரவுப் பேருந்து பிடிப்பார்.

வெந்நீர் ஊற்று. டோக்கியோவிலிருந்து ஹகோனே, அத்தாமி, குசாத்சு. ஒசாகா, கியோட்டோ அடங்கிய கன்சாய் பகுதியிலிருந்து கினோசாக்கி. அங்கே ஏழு பொதுக் குளியலகங்களுக்கு யுகாட்டா என்ற மெல்லிய பருத்தி அங்கி அணிந்தபடி தெருவில் நடந்து போகலாம், புகைப்படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும். தலைக்கு வழக்கமாக 150 யென் குளியல் வரி தனியே வாங்குவார்கள். இன்னொன்று: சட்டப்படி வயது வந்தவர் ஆகும் வயதை 2022 ஏப்ரலில் 20-லிருந்து 18-ஆகக் குறைத்தார்கள், விடுதி ஒப்பந்தத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். ஆனால் மது அருந்தும் வயது இன்னும் 20. குழுவில் ஒருவருக்கு 19 என்றால் அவருக்குக் கிடைப்பது பழச்சாறுதான்.

கேளிக்கைப் பூங்கா. டோக்கியோவை ஒட்டிய உராயாசுவில் டோக்கியோ டிஸ்னி, ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பான். டிஸ்னியின் ஒரு நாள் நுழைவு 2023 அக்டோபரிலிருந்து நாளுக்கு ஏற்ப 7,900 முதல் 10,900 யென் வரை மாறும். பள்ளியை விட்டு வந்த பிறகும் பழைய பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு கூட்டமாகப் போவது ஒரு வழக்கம். பொருந்தாதவர்களுக்குச் சீருடை வாடகைக் கடையே இருக்கிறது.

கியோட்டோ. எப்போதும் உண்டு, ஆனால் மலிவு இல்லை. 2024-இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 3 கோடியே 69 லட்சம் பேர். அவர்களில் பலர் கியோட்டோவிலும் ஒசாகாவிலும்தான் அறை தேடுகிறார்கள். மாணவர்களின் பெரிய நண்பனாக இருந்த பேருந்து மட்டும் செல்லும் ஒரு நாள் சீட்டைக் கூட்ட நெரிசல் காரணமாக நகரம் 2023 செப்டம்பரோடு விற்பதை நிறுத்தியது. இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் சீட்டு. பேருந்து ஒரு முறைக்கு 230 யென் என்பதால் ஐந்து முறை ஏறினால்தான் கட்டுபடியாகும். 2018-இலிருந்து தங்கும் வரி வேறு. 2026 மார்ச்சில் அந்த வரியின் உச்ச அளவு 10,000 யென் வரை ஏறினாலும், இரவுக்கு 6,000 யென்னுக்குக் குறைவான மலிவு அறைக்கு அதே 200 யென்தான்.

ஒக்கினாவா. மார்ச்சில் கடல் இன்னும் குளிர்ச்சி. பனிக்கட்டிச் சாலை பயமில்லாமல் புதிய ஓட்டுநர் காரோட்டலாம் என்பதே அங்கே அந்த மாதத்தின் கவர்ச்சி. ரயில் என்று இருப்பது நாஹா விமான நிலையத்திலிருந்து போகும் 17 கிலோமீட்டர் மோனோரயில் மட்டும். சுராஉமி மீன்காட்சியகம் வடக்கே காரில் இரண்டு மணி நேரம். வாடகைக் காரில் மறந்துபோகும் செலவு ஒன்று உண்டு: மோதிவிட்டால் காப்பீடு பழுதை ஏற்கும், ஆனால் வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களுக்கான ஈட்டுத்தொகை தனி. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் 20,000, கொண்டுவர முடியாவிட்டால் 50,000 யென் என்பது பரவலான அளவு. நாலு பேர் போகும்போது இதை எப்படிப் பிரிப்பது என்று மோதுவதற்கு முன்பே பேசிக்கொள்வது நட்புக்கு நல்லது.

ஹொக்கைடோ. பிப்ரவரி தொடக்கத்தில் சப்போரோ பனித் திருவிழா. 1950-இல் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் ஆறு பனிச்சிற்பங்கள் செய்ததுதான் அதன் தொடக்கம். இன்று அந்த வாரம் அறை விலை கல்லூரி மாணவருக்கு எட்டாது. திருவிழா முடிந்த அடுத்த வாரம் விலை இறங்கும், பனி அப்படியே இருக்கும்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் மாணவர் போவது பெரும்பாலும் மலிவு விமானத்தில். 2012-இல் பீச், ஜெட்ஸ்டார் ஜப்பான் வந்த பிறகுதான் இது சாத்தியமானது. கைப்பை 7 கிலோவைத் தாண்டினால் வாயிலில் கட்டும் தொகை சீட்டு விலையை எட்டிவிடும். அதிகாலை விமானத்துக்கு டோக்கியோவின் நரித்தா விமான நிலையம் போக முதல் ரயில் உதவாது என்பதை முன்பதிவு செய்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். பெரிய நிறுவனங்களான ஏ.என்.ஏ., ஜே.ஏ.எல். இரண்டிலும் 12 முதல் 25 வயதுக்காரருக்குப் பயண நாளில் காலியிருக்கும் இருக்கையைக் குறைந்த விலையில் தரும் சலுகை உண்டு; தேதி பிடிவாதம் இல்லாதவருக்கு மட்டும் பொருந்தும்.

பட்டியலில் வராத ஊர் ஒன்று உண்டு: கச்சேரி நடக்கும் ஊர். சப்போரோ, டோக்கியோ, நாகோயா, ஒசாகா, ஃபுகுவோகா ஆகிய ஐந்து நகரங்களின் டோம் அரங்குகளைச் சுற்றிப் பெரிய பாடகர் குழுக்கள் வலம் வருகின்றன. குலுக்கலில் எந்த நகரத்துக்குச் சீட்டு விழுகிறதோ அதுவே சுற்றுலாத் தலம். அந்த இரவு அந்நகரில் அறை விலை இரண்டு மடங்காவது ஏறும். ரசிகர்கள் குலுக்கல் முடிவுக்கு முன்பே ரத்து செய்யக்கூடிய அறையைப் பிடித்து வைப்பதும் அதனால்தான்.

## இரவுப் பேருந்து: மலிவின் அடியில் என்ன இருக்கிறது?

பதினெட்டுச் சீட்டிலிருந்து விலகியவர்கள் வந்து சேரும் இடம் இது என்பதால் இதன் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 2012 ஏப்ரல் 29 அன்று கனசாவாவிலிருந்து டோக்கியோ டிஸ்னி நோக்கி வந்த சுற்றுலாப் பேருந்து கன்எத்சு நெடுஞ்சாலையில் தடுப்புச் சுவரில் மோதி 7 பேர் இறந்தார்கள், ஓட்டுநர் தூங்கிவிட்டிருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்த வகைப் பேருந்துகள் உரிமம் பெற்ற தடப் பேருந்து முறைக்குள் கொண்டுவரப்பட்டன. இரவில் ஒரே ஓட்டுநர் ஓட்டும் தூரத்துக்கு 400 கிலோமீட்டர் என்ற பொது வரம்பு வந்தது. டோக்கியோ–ஒசாகா அதைவிட நீளம். இடையில் ஓட்டுநர் மாறியாக வேண்டும்.

2016 ஜனவரி 15 அதிகாலை கருய்ஸாவாவில் பனிச்சறுக்குப் பேருந்து சரிவில் கவிழ்ந்து 15 பேர் மாண்டார்கள். அவர்களில் 13 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணத்துக்கும் கீழே அந்தப் பயணத்தை ஏற்றிருந்தது தெரியவந்தது. தரை விலைக்குக் கீழே போன சேவையில் வெட்டப்படுவது ஓட்டுநரின் பயிற்சியும் ஓய்வும்தான். 2024 ஏப்ரலிலிருந்து ஓட்டுநரின் மேலதிக நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்று உச்சவரம்பு வந்துவிட்டது. ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து தடங்கள் குறைகின்றன, விலை ஏறுகிறது. மாணவர் கண்ணுக்கு இது இழப்பாகத் தெரியலாம். பழைய மலிவு யாருடைய தூக்கத்திலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் பார்க்க வேண்டியவை இவை. வரிசைக்கு நாலு இருக்கையா, தனித்தனியாக மூன்றா? இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது, முதுகுக்கும் அப்படியே. பேருந்து காலை ஆறரைக்கு இறக்கிவிடும், விடுதி அறை மாலை மூன்றுக்குத்தான். கியோட்டோ நிலையத்தில் பெட்டகங்கள் காலையிலேயே நிரம்பிவிடும். தங்கப்போகும் விடுதியிலேயே பையை வைத்துவிட்டுக் கிளம்புவது எளிது, பெரும்பாலும் காசும் வாங்குவதில்லை.

## பலர் மறக்கும் தள்ளுபடி: கக்குவாரி

பதினெட்டுச் சீட்டைப் பற்றிய கூச்சலில் உண்மையான மாணவர் சலுகை ஒன்று காணாமல் போகிறது. ஒரு வழித் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் ஜே.ஆர். அடிப்படைக் கட்டணத்தில் மாணவருக்கு 20 சதவீதம் தள்ளுபடி. ஆண்டு முழுக்கச் செல்லும், ஷின்கான்செனிலும் செல்லும். பிப்ரவரியிலும் செப்டம்பர் இறுதியிலும் இதுதான் கை கொடுக்கும்.

1. கல்லூரி வளாகத்தில் இருக்கும் சான்றிதழ் இயந்திரத்தில் மாணவர் அட்டையைச் செருகித் தள்ளுபடிச் சான்றை அச்சிட வேண்டும். மூன்று மாதம் செல்லும். ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து என்பது வழக்கமான அளவு.
2. பெயரும் தேதியும் நிரப்பி ஜே.ஆர். கவுன்ட்டரில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும்.
3. தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். டோக்கியோ–ஒசாகா 8,910 யென் 7,120-ஆகக் குறையும். ஷின்கான்செனின் விரைவுக் கட்டணம் ஒரு யென்னும் குறையாது.
4. தூரத்தைப் பார்த்துச் சீட்டு எடுக்க வேண்டும். டோக்கியோவிலிருந்து ஓதாவாரா 84 கிலோமீட்டர், தள்ளுபடி இல்லை. அத்தாமி 105, உண்டு.
5. பயணத்தில் மாணவர் அட்டை கையில் இருக்க வேண்டும். சான்றை நண்பருக்குக் கொடுத்து மாட்டினால் கட்டணத்தோடு அதன் இரு மடங்கு அபராதம். கல்லூரிக்கும் தகவல் போகும்.

ஜப்பானில் முழுநேரமாகப் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும் இது பொருந்தும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் பாஸ் அவர்களுக்குக் கிடைக்காது. குறுகிய காலப் பார்வையாளர் அனுமதியில் வருபவர்களுக்கே அது உரியது, மாணவர் விசா செல்லாது. ஊரிலிருந்து பார்க்க வரும் அம்மா அப்பாவுக்குப் பாஸ், கூடப் போகும் மகனுக்குக் கக்குவாரி என்று இரண்டையும் தனித்தனியே வாங்கி, இருக்கைகளை மட்டும் அடுத்தடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கவுன்ட்டரில் மூவர் சீட்டையும் ஒன்றாகக் காட்டிக் கேட்பதே சுலபம். பாஸ் வைத்திருப்பவர் நோசோமி வண்டியில் ஏறத் தனிக் கட்டணம் உண்டு. அதைத் தவிர்க்க எல்லோரும் சற்று மெதுவான ஹிகாரி வகை ஷின்கான்செனில் போவதே வழக்கம். டோக்கியோ–ஒசாகாவுக்கு அரை மணி நேரம் கூடுதலாகும்.